பாவைப்பிள்ளையளோட பழைய காலத்துத் தேத்தண்ணி விருந்து: போறணை இல்லாமல் ஸ்கோன் சுடலாமோ?

மாங்குளத்துக்காரி:
வாற சனி பின்னேரம் 5–7 வயதுப் பிள்ளையள் 8 பேரையும் அவையின்ர பாவைப்பிள்ளையளையும் கூப்பிட்டு, அந்தக் காலத்து வெள்ளைக்காரர் மாதிரித் தேத்தண்ணி விருந்து வைக்கப்போறன். பழைய பீங்கான் கப்பும் சோசரும், பின்னல் மேசைவிரிப்பும் இருக்கு. போறணை இல்லை. ஸ்கோன் எண்டு தேத்தண்ணியோட வைக்கிற சின்னப் பணிஸ் செய்ய ஏலுமோ? பாவைப்பிள்ளையள் கதிரையில இருத்த இருத்தச் சரியுதுகள், அதுக்கும் வழி சொல்லுங்கோ.

அடுப்படி:
தோசைக்கல் காணும், தங்கச்சி. ஸ்கொட்லாந்தில கல்லில சுடுற ஸ்கோனே இருக்கு. செல்ஃப் ரெய்சிங் மா 225 கிராம், பட்டர் 55, சீனி 25, உப்பு ஒரு சிட்டிகை. பட்டர் ஃபிரிட்ஜில இருந்து எடுத்த கையோட, விரல் நுனியால மட்டும் மாவில உதிருங்கோ. எங்கட வெக்கைக்கு உள்ளங்கை பட்டால் பட்டர் உருகிக் களியாகும். ஸ்கோன் கல்லுமாதிரித்தான் வரும். மாச்சட்டியையும் அரை மணித்தியாலம் குளிரவிடுறது நல்லது. குளிர்ந்த பால் 150 மில்லிலீற்றர், கொஞ்சங் கொஞ்சமா. சேர்ந்து வந்தாக் காணும், பிசையக்கூடாது.

1.5 சென்ரிமீற்றர் தடிப்பில தட்டி, வெட்டேக்க அச்சைத் திருகாதேங்கோ, நேரா அமத்துங்கோ. திருகினால் ஒருபக்கம் சரிஞ்சு எழும்பும். மெல்லிய நெருப்பில பக்கத்துக்கு 5–6 நிமிசம். பாவைப்பிள்ளையளுக்குச் சோடாப்போத்தல் மூடியால வெட்டுங்கோ, அதுக்குப் 3 நிமிசம் காணும்.

ஸ்கோனைப் பிளந்து கிறீமும் ஜாமும் பூசுறது. கிறீமுக்கு எருமைத்தயிரைத் துணியில கட்டி 4 மணித்தியாலம் தொங்கவிட்டு, சீனி போட்டு அடியுங்கோ. ஜாம் விளாம்பழ ஜாம்தான்; கடை ஸ்ரோபெரி ஜாம் இதுக்குக் கிட்டவும் வராது.

வெள்ளைத்துணி:
கெக்கரிக்காய் சாண்ட்விச்சையும் விடாதேங்கோ. மெல்லிசாச் சீவி, உப்புத் தூவி 15 நிமிசம் வைச்சு ஒற்றி எடுக்காட்டிப் பாண் ஊறிப்போகும். இரண்டு துண்டிலயும் ஓரம்வரை பட்டர் பூசுங்கோ, தண்ணி பாணுக்குள்ள இறங்காது. கரையை வெட்டுறது கடைசியில. ஈரத்துணியால மூடிவையுங்கோ.

இன்னொன்று: அழைப்பில ‘ஹை டீ’ எண்டு எழுதாதேங்கோ. இங்கிலாந்தில அது வேலைசெய்யிற சனம் பொழுதுபட இறைச்சியோட சாப்பிட்ட சாப்பாடு. நீங்கள் வைக்கிறது 1840களில பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னாவின்ர பேரோட பரவின பின்னேரத் தேத்தண்ணி.

மாமர நிழல்:
மேசை வேண்டாம். முற்றத்தில பாய் விரிச்சு, இரண்டிரண்டு கல்லடுக்கில பலகை வையுங்கோ. பாவைப்பிள்ளைக்கு மண் நிரப்பின பால்மாப் பேணிதான் கதிரை. இடுப்பில ரிபன் சுத்திப் பேணியோட கட்டினால் சரியாது. துணிப் பொம்மைக்கு வெறுங்கப். தேயிலைச் சாயம் பட்டால் கறை போகாது.

பழைய பீங்கானில மேல்பூச்சு வெடிச்சதோ பொன்கரை தேஞ்சதோ இருந்தால் பாவைப்பிள்ளையளுக்கு முன்னால மட்டும் வையுங்கோ, பழைய பூச்சுகளில ஈயம் இருக்கலாம். பிள்ளையளுக்குச் சாயம் ஒரு பங்கு, பால் நாலு பங்கு. இளஞ்சூடா ஆறினபிறகுதான் கேத்திலுக்குள்ள விடவேணும், அதுவும் அரைவாசிதான். நிறைச்சால் சின்னக்கை தாங்காது.

முசுறு இருக்கிற மரமெண்டால் வெள்ளிக்கிழமையே வேற இடம் பாருங்கோ. சாப்பாட்டுத் தட்டைத் தண்ணி விட்ட தாம்பாளத்துக்குள்ள ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதில வைச்சால் மற்ற எறும்பு ஏறாது.