ஹாலோவீன் அட்டை: ஸ்டென்சில் ஓரத்தில் பெயின்ட் கசிகிறது, உதவுங்கள்

கேள்வி

கனடாவில் மிசிசாகாவில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. அக்டோபர் 31-க்குள் வகுப்பில் உள்ள 22 பேருக்கும் தன் கையாலேயே ஹாலோவீன் அட்டை செய்து கொடுக்க ஆசைப்படுகிறாள். கடையில் வாங்கலாமா என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது. சரி, செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

சீரியல் டப்பா அட்டையில் பூசணிக்காய் வடிவத்தில் ஓட்டை வெட்டி ஸ்டென்சில் ஆக்கினேன். ஆரஞ்சு அக்ரிலிக் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் பூசினால் அடியில் கசிந்து ஓரம் மொத்தமும் பிசிறடிக்கிறது. நான்காவது அட்டைக்குள் ஸ்டென்சிலே ஊறி, வெட்டிய விளிம்பு நார் நாராகப் பிரிந்துவிட்டது. பூசணிக்குக் கண்ணும் வாயும் வெட்டினால் அந்தத் துண்டுகள் கழன்று விழுகின்றன. வௌவால் ஸ்டாம்ப்பும் வாங்கினேன். கறுப்பு அட்டையில் ஆரஞ்சு மையில் குத்தினால் காய்ந்தபின் ஒன்றுமே தெரியவில்லை. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

பதில் 1

பிரஷ்ஷை விடுங்கள். மேக்கப் போடும் முக்கோண ஸ்பாஞ்ச் எடுங்கள். பெயின்ட்டைத் தொட்டதும் நேராக அட்டைக்குக் கொண்டுபோகாமல், பழைய பேப்பரில் ஐந்தாறு முறை ஒற்றுங்கள். இனி நிறமே வராது என்று தோன்றும்போதுதான் சரியான பதம். ஸ்பாஞ்ச்சைச் செங்குத்தாகப் பிடித்து, ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒற்றி ஒற்றி எடுங்கள். இழுக்கவே கூடாது. முதல் பூச்சு வெளிறித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டு நிமிடம் காயவிட்டு இன்னொரு பூச்சு. கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட் அதிகமாவதுதான்.

சீரியல் அட்டை ஈரம் குடிக்கும். பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஃபோல்டரில் வெட்டுங்கள். துடைத்துத் துடைத்து 22 அட்டைக்கும் அதே ஸ்டென்சில் வரும். மாஸ்கிங் டேப்பை முதலில் துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்துவிட்டு அட்டையில் ஒட்டினால் காகிதம் உரியாது.

பதில் 2

ஊரில் கோல அச்சுத் தகடு பார்த்திருப்பீர்கள். கோட்டை முழுதாக வெட்டாமல் துளை துளையாகத்தான் போட்டிருப்பார்கள். முழுக்கோடாக வெட்டினால் நடுத்துண்டு விழுந்துவிடும். உங்கள் பூசணிக் கண்ணுக்கும் அதே சிக்கல். ஸ்டென்சிலை இரண்டாக்கிவிடுங்கள். ஒன்றில் பூசணி உருவம் மட்டும், ஆரஞ்சு. நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவதில் கண், மூக்கு, வாய் மட்டும், கறுப்பு. எதுவும் கழன்று விழாது.

பதில் 3

கறுப்பு அட்டை விஷயம்: நீங்கள் வாங்கியது டை (dye, சாயம்) மையாக இருக்கும். அது காகிதத்துக்குள் இறங்கிவிடும், கறுப்பில் தெரியாது. பிக்மென்ட் மை என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அது மேலேயே படியும். காய நேரமெடுக்கும், உடனே அடுக்கிவிடாதீர்கள். பளிச்சென்று வேண்டுமானால் ஈரமாக இருக்கும்போதே வெள்ளை எம்பாசிங் பவுடர் (சூட்டில் உருகி மேடாகப் படியும் பொடி) தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் (அனல் காற்று ஊதும் கருவி) சூடுகாட்டுங்கள். ஹேர் டிரையர் வேலைக்காகாது, பொடியை ஊதித் தள்ளிவிடும். ஹீட் கன்னைக் குழந்தை கையில் தர வேண்டாம்.

புது பிளாஸ்டிக் ஸ்டாம்ப்பில் மை முத்து முத்தாகத் திரளும். பென்சில் ரப்பரால் அதன் முகத்தை லேசாகத் தேய்த்துவிட்டால் சீராகப் பிடிக்கும்.

அப்புறம், ஹாலோவீனுக்கு அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து முகம் செதுக்கினார்கள். அந்த மக்கள் அமெரிக்கா வந்த பிறகுதான் பூசணி. கறுப்பு அட்டையில் ஒரு வெள்ளை டர்னிப் முகம் போட்டுப் பாருங்கள், அத்தனை அழகாக இருக்கும்.

கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபோல்டரில் இரண்டு ஸ்டென்சிலும் வெட்டினேன். ஸ்பாஞ்ச் வேலையை மகளே எடுத்துக்கொண்டாள். பேப்பரில் ஆறு ஒற்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்கிறாள். ஓரம் கத்தி வெட்டியது போல் வருகிறது. ஒரே சாயங்காலத்தில் பதினொன்று முடிந்தது. ஒரு சந்தேகம் மட்டும்: ஆரஞ்சு காய்ந்தபிறகும் மேலே வைக்கும் இரண்டாவது ஸ்டென்சில் லேசாக ஒட்டிக்கொள்கிறது. ஏன்?

பதில் 1

தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். இன்று எல்லா ஆரஞ்சையும் போட்டு வைத்துவிட்டு, கறுப்பை நாளை காலையில் போடுங்கள்.