மாமரத்தில் செயின்சா மாட்டிக்கொண்டது, பாரம் வீட்டுப் பக்கம்: என்ன செய்வது?

குளுகோர்வாசி:
வணக்கம். அவசரமாக உதவி வேண்டும். பினாங்கு குளுகோரில் மூலை வீடு எங்களுடையது. பின்னால் பாட்டி நட்ட மாமரம், முப்பது அடி இருக்கும். அடிமரத்தின் சுற்றளவை இப்போதுதான் அளந்தேன், 1.2 மீட்டர். போன மாத மழையில் கிளை ஒடிந்து பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் விழுந்தது. அதனால் மரத்தையே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். தெரிந்தவரிடம் 16 அங்குல செயின்சா இரவல் வாங்கி வந்தேன். மரம் பின் சந்தில் விழட்டும் என்று வீட்டுப் பக்கம் நின்று அறுத்தேன். ஆறு அங்குலம்கூடப் போயிருக்காது, வெட்டு மூடி, செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரைக் கவ்விக்கொண்டது. எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை. அறுக்கும்போது புகையும் வந்தது. நண்பர் இன்னொரு செயின்சா கொண்டு வருகிறேன் என்கிறார். சந்துப் பக்கமிருந்து அறுத்தால் விட்டுக்கொடுக்குமா?

பட்டர்வொர்த் குமார்:
அறுக்காதீர்கள். நண்பரிடம் வர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். எஞ்சின் அணைந்திருக்கிறதா? சந்தில் தள்ளி நின்று பார்த்தால் கனமான கிளைகள் எந்தப் பக்கம்? கரண்டு கம்பி எவ்வளவு தூரம்?

குளுகோர்வாசி:
அணைத்துவிட்டேன். நீங்கள் கேட்ட பிறகுதான் சந்தில் போய் நின்று பார்த்தேன். அடிமரம் நேராகத்தான் நிற்கிறது. ஆனால் சந்துப் பக்கக் கிளைகளை வருடா வருடம் வெட்டிவிட்டதில், பெரிய கிளை மூன்றும் வீட்டுப் பக்கமே நீண்டிருக்கின்றன, சமையலறைக்கு நேர் மேலே. கம்பிக்கும் கிளை நுனிக்கும் நடுவே ஓர் ஆள் உயர இடைவெளிதான்.

நிபோங் திபால் ஐயா:
தம்பி, பதறாமல் படியுங்கள். தோட்டத்தில் மறுநடவுக்காகப் பால்மரம் (ரப்பர் மரம்) சாய்க்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான்.

பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து நார் நசுங்கி நிற்கும். எதிர்ப்பக்கத்து நார் விறைத்து இழுபட்டு நிற்கும். நசுங்கும் பக்கத்தில் கத்தி வைத்தால் வெட்டு மூடிக்கொள்ளும். நீங்கள் அங்கேதான் வைத்திருக்கிறீர்கள். இப்போது சந்துப் பக்கம் அறுப்பது, இழுபட்டு நிற்கும் நாரை அறுப்பது. அதில் என்ன நடக்கும் என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்தேன். ஓடை ஓரத்தில் சாய்ந்து நின்ற பால்மரம் அது. பாதி அறுபடும் முன்பே படார் என்று ஒரு சத்தம். மரம் குறுக்கே ஒடியவில்லை, நெடுக்காகப் பிளந்தது. பிளந்த பாதி ஆள் உயரத்துக்கு மேலே கிளம்பி, பின்னால் உதைத்து, அறுத்தவர் நின்ற இடத்திலேயே மண்ணில் குத்தி நின்றது. அவர் ஒரு எட்டு பக்கவாட்டில் நின்றதால் பிழைத்தார். பட்டை ஓரத்தில் பால் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

செயின்சாவை மறந்துவிடுங்கள். பாரின் மூடியில் உள்ள நட்டுகளைக் கழற்றினால் பாரையும் செயினையும் மரத்திலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் எடுத்துவிடலாம். தரையில் கிடக்கும் கட்டையில் மாட்டினால் அப்படிச் செய்யுங்கள். உங்கள் மரத்தடிக்கு அதற்காகக்கூடப் போக வேண்டாம். சமையலறையையும் அதன் பக்கத்து அறையையும் காலி செய்யுங்கள். சாயங்காலம் காற்றும் மழையும் வந்தால் அந்த அரைவெட்டு தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

சாய்க்கும் முறை வேறு, தம்பி. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் தர்பூசணித் துண்டு போல ஒரு துண்டை எடுக்க வேண்டும், மரத்தின் குறுக்களவில் கால் பங்கு ஆழத்துக்கு. உங்கள் மரம் 38 சென்டிமீட்டர் வரும், அதனால் ஒன்பது பத்து போதும். பிறகு பின்பக்கமிருந்து, துண்டு எடுத்த அந்த வாயின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே அறுத்து வந்து, நடுவில் நான்கு சென்டிமீட்டர் மரத்தை அறுக்காமல் விட வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி அந்த நான்கு சென்டிமீட்டர்தான் மரத்தைப் பிடித்து வழிநடத்தும். வெட்டு மூடாமலிருக்க பிளாஸ்டிக் ஆப்பு. இரும்பு ஆப்பு வைத்தால் செயின் பட்டுத் தெறிக்கும். விலகி ஓடும் வழியை, விழும் திசைக்குப் பின்பக்கம் சாய்வாக, அறுக்கும் முன்பே சுத்தம் செய்து வைக்க வேண்டும். மர உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக்கூடாது. உங்கள் பின்கட்டில் அறுபது அடி எங்கே இருக்கிறது? அந்த மரத்தை மேலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும்.

ஜெலுத்தோங் செல்வம்:
ஏணி வைத்து ஏறி, தலையை மொட்டையடித்தால் பாரம் குறைந்து வெட்டு திறந்துகொள்ளுமே? எங்கள் மாமா அப்படித்தான் செய்வார்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
மரப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். செல்வம், பாரம் குறைந்தால் வெட்டு தளரும் என்பது சரி, ஆனால் ஏணி வேண்டாம். பாதி அறுத்த மரத்தில் ஏணியும் சாய்க்கக்கூடாது, ஆளும் ஏறக்கூடாது. பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் செயின்சா கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். தரையில் இரண்டு கையாலும் பிடித்திருப்பவருக்கே அது கஷ்டம். ஏணியில் நிற்பவர் ஒரு கையால் ஏணியைப் பிடிப்பார், தோளுக்கு மேலே அறுப்பார். மாமாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

நல்ல மரத்துக்குக்கூட மொட்டை வேண்டாம். மேலே வெட்டிய மொக்கையில் மழைநீர் இறங்கி மரம் உளுத்துப்போகும். பக்கத்தில் கொத்துக் கொத்தாகக் கிளம்பும் தளிர்கள் பட்டை ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும், சில வருடத்தில் கனத்ததும் பிய்ந்து விழும். உயரம் குறைக்க வேண்டுமானால், வெட்டும் கிளையில் மூன்றில் ஒரு பங்காவது பருமன் உள்ள பக்கக் கிளை எங்கே பிரிகிறதோ அங்கே வெட்டலாம். குளுகோர் தம்பி, சந்துப் பக்கத்தை மட்டும் வருடா வருடம் வெட்டியதால்தான் உங்கள் மரத்தின் எடையெல்லாம் இந்தப் பக்கம் வந்தது.

இன்னும் இரண்டு. கம்பிக்கு இவ்வளவு கிட்டே கிளை இருந்தால் முதலில் மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள். அப்புறம், மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டும் மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும், சொந்த நிலமாக இருந்தாலும். பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்துக்கும் விலக்கு உண்டு. உங்கள் மரம் இப்போது ஆபத்தில் நிற்கிறது, ஆனாலும் படம் எடுத்து வைத்துக்கொண்டு மாநகர் மன்றத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

குளுகோர்வாசி:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். அன்று இரவு எல்லோரும் அத்தை வீட்டில் படுத்தோம். இரண்டு மணிக்குக் காற்று அடித்தபோது எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் தகவல் சொல்ல வேண்டிய இடங்களில் சொல்லி, கம்பியில் மின்சாரத்தை நிறுத்திய பிறகு, மரம் வெட்டும் கன்ட்ராக்டர், ஆளைக் கூடையில் மேலே தூக்கும் ஸ்கைலிஃப்ட் லோரியோடு வந்தார். இடுப்பு வார் கட்டிக்கொண்டு கூடையில் நின்று, வீட்டுப் பக்கக் கிளைகளை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மூன்றாவது கிளை இறங்கியதும் வெட்டு ஒரு நூல் அளவு திறந்தது. அப்போது பாரை அவர்களே கையால் உருவிக் கொடுத்தார்கள். கடைசியில் அடிமரத்தைத் திருப்பிக் காட்டினார்கள். என் வெட்டு முடிந்த இடத்திலிருந்து மேலே ஒரு சாண் நீளத்துக்கு நெடுக்காகக் கீறல் ஓடியிருந்தது. நிபோங் திபால் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவும் சொல்லச் சொன்னார்.

புகை வந்ததற்குக் காரணம் என்ன? இரவல் பொருள், சரி செய்து கொடுக்க வேண்டும்.

நிபோங் திபால் ஐயா:
நல்லது தம்பி, நிம்மதியாக இருக்கிறது. அறுக்கும்போது விழுந்த தூள் எப்படி இருந்தது? சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மை. மாவு போல விழுந்தால் மழுங்கியிருக்கிறது. அதை அழுத்தி அறுத்தால் புகையும். எண்ணெய்த் துளை அடைத்திருந்தாலும் புகை வரும். பாரைக் கழற்றி அந்தத் துளையையும் செயின் ஓடும் காடியையும் மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பார் நுனியைக் காய்ந்த அட்டைக்கு நேரே தொடாமல் காட்டுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு தெளிக்க வேண்டும். பாரைத் தட்டையான கல்லில் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். செயினை நீங்களே அரம் போட வேண்டாம். ஒரு பக்கப் பல் குட்டையானால் வெட்டு கோணிக்கொண்டு போகும். கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தீட்டச் சொல்லுங்கள், தேய்ந்திருந்தால் புதுச் செயினே போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.