குருமெ மங்கா: 'சமையல் மங்கா' போதுமா?

வணக்கம்.

மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளில் சாப்பாட்டைச் சுற்றி நடக்கும் வகை குருமெ மங்கா. அதற்குத் தமிழில் 'சமையல் மங்கா' என்றே போட்டுவிடலாம் என்று நேற்றைய மடலில் வந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜப்பானியரிடமே இரண்டு சொற்கள் இருக்கின்றன. ரியோரி என்றால் சமையல். குருமெ என்பது பிரெஞ்சிலிருந்து போன சொல், ருசி அறிந்து சாப்பிடுகிறவரைக் குறிப்பது. பேச்சில் ஒன்றுக்கு மற்றொன்றைச் சொல்வதுண்டு, ஆனால் நாம் புதிதாகச் சொல் செய்யும்போது அந்த வேறுபாட்டைத் தொலைக்க வேண்டாமே.

1985இல் தொடங்கிய 'குக்கிங் பப்பா' என்ற மங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ஹகாத்தாவில் அலுவலக வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில் சமைக்கிறார், கதையோடு செய்முறையும் வந்துவிடும், படித்த கையோடு அடுப்பைப் பற்றவைக்கலாம். இது சமையல் மங்காதான், சந்தேகமே இல்லை. ஆனால் 'கொதொகு நோ குருமெ' என்ற மங்காவின் நாயகன் கோரோ சமைக்கிறவர் இல்லை. வேலையாகப் போன ஊரில் பசிக்கிறது, ஒரு கடையைத் தேடி நுழைகிறார், தனியாகச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான் கதை. முதல் அத்தியாயத்தில் டோக்கியோவின் சான்யா பகுதியில் ஒரு சின்னக் கடையில் பன்றிக்கறி வறுவலும் சோறும் சொல்லிவிட்டுக் கூடவே தோன்ஜிருவும் சொல்கிறார். தோன்ஜிரு என்பதே பன்றிக்கறி போட்ட மிசோ சூப்தான். ஒரே கறி இரண்டு தடவை வந்துவிட்டதே என்று அவர் மனசுக்குள் அங்கலாய்க்கும் இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இதைப் போய்ச் 'சமையல்' என்றால் சாப்பிடுகிற ஆளே காணாமல் போய்விடுகிறார்.

'உண்டாட்டு மங்கா' என்று வைக்கலாம் என்ற யோசனையும் உண்டு. அழகானது, ஆனால் பொருந்தாது. புறத்திணையில் உண்டாட்டு ஆநிரை கவர்ந்த வீரர்கள் கள்ளுண்டு களிப்பது, கம்பரின் உண்டாட்டுப் படலமும் கள்ளைத்தான் பாடுகிறது. கோரோவுக்கோ மது ஒத்துக்கொள்ளாது, சாப்பிடுவதும் தனியாக.

அப்புறம், மங்கா என்ற சொல்லே தொடரில் சிக்கல் செய்கிறது. மாங்கா என்று நெடிலாக எழுதினால் 'உணவு மாங்கா' ஊறுகாய்க்குப் போகும். குறிலாக எழுதினால் 'சுவை மங்கா' என்பது மங்காத சுவை என்றுதான் படிக்கப்படும். மங்காப் புகழ் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்? தனியாக நிற்கும்போது மங்கா என்றே இருக்கட்டும், இந்த மாதிரித் தொடரில் படக்கதை என்று வைப்போம், அது ஏற்கெனவே புழங்குகிற சொல்.

என் பரிந்துரை: ரியோரி மங்கா சமையல் படக்கதை, குருமெ மங்கா சாப்பாட்டுப் படக்கதை. சாப்பாடு பேச்சுவழக்கு, கலைச்சொல்லுக்கு எடுப்பாக இல்லை என்பீர்கள். ஆனால் உணவு என்றால் தின்னும் பண்டம் மட்டும்தான், சாப்பாடு என்றால் சாப்பிடுகிற செயலும் அதிலேயே இருக்கிறது. சுவைஞர் படக்கதை என்றும் யோசித்தேன், குருமெவுக்கு அதுதான் நேர்ச்சொல், ஆனால் நம்மவர்கள் அதை இசை, நாடகம் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள்.

1983இல் வந்த 'ஒய்ஷின்போ' என்ற மங்காவை எதில் சேர்ப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். நாயகன் யாமாஓகா பத்திரிகைக்காரன், நாக்குதான் அவன் மூலதனம், ஆனால் வேண்டியபோது சமைத்தும் காட்டுகிறான். நான் சாப்பாட்டுப் பக்கம் சாய்கிறேன்.