சாதாரண விவசாயி ஏன் துவக்கு (துப்பாக்கி) வாங்குகிறான்?

நெடுங்கேணிப் பெடியன்:
எங்கள் வயலுக்குப் பக்கத்தில், சிங்களக் குடியேற்றமான வெலிஓயாவைச் சேர்ந்த ஒருவர் வயல் செய்கிறார். போன காலபோக நெற்செய்கை நேரம் யானை விரட்டுகிற வெடி இருக்கா என்று கேட்டு வந்தவர், கதையோடு கதையாக, அரசாங்கம் ஊர்ச்சனத்துக்குத் துவக்குக் கொடுத்து அமைத்த ஊர்காவல் படையில் தான் இருபது வருசம் இருந்ததாகச் சொன்னார். உள்ளங்கையைப் பார்த்தேன், மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போய் என் அப்பாவின் கை மாதிரியே இருந்தது. இராணுவத்துக்குப் போவது விளங்குகிறது, புலிகள் இயக்கத்துக்குப் போனதும் விளங்குகிறது. பகலில் வயலும் இரவில் துவக்குமாக இருக்க ஒரு ஆளை எது தள்ளுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

ஒதியமலை மருமகன்:
தம்பி, முதலில் பயம். 1984 நவம்பர் 30, கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேற்றியிருந்த சிங்களச் சனத்தைப் புலிகள் கொன்றார்கள். இரண்டொரு நாளில் பக்கத்துத் தமிழ் ஊரான ஒதியமலையில் எங்கள் ஆண்களை இராணுவத்தினர் பிடித்து வைத்துச் சுட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்திலும் சனம் காட்டுக்குள் போய்ப் படுத்தது. அந்த நேரம் அரசாங்கம் சிங்களக் குடியேற்றவாசிகளிடம் சொட்கன் துவக்கை நீட்டினால் யார் வேண்டாம் என்பான்? ஆனால் காவலுக்கு என்று மட்டும் கொடுக்கவில்லை. பிடித்த காணியில் அந்தச் சனத்தை நிறுத்தி வைக்கவும் அது தேவைப்பட்டது. சொட்கன் வந்த ஊர் இலக்காகும், பிறகு இன்னும் துவக்கு கேட்கும்.

முள்ளியவளை அண்ணை:
பயம் சரி, அது மட்டும் இல்லை. வன்னியில் புலிகள் பொதுசனத்தைச் சேர்த்து அமைத்த எல்லைப்படையின் பயிற்சிக்கு நானும் போனேன். கடைக்காரர், வாத்தியார் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்தில் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினோம். பக்கத்து வீட்டுக்காரர் போகும்போது நாங்கள் மட்டும் வீட்டில் இருந்தால் பிறகு எந்த முகத்தோடு றோட்டில் இறங்குவது? அதில் கொள்கை எவ்வளவு, வெட்கம் எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல ஏலாது.

விசுவமடு ரீச்சர்:
சம்பளத்தை ஒருவரும் எழுதவில்லையே. அந்த ஊர்காவல் படைதான் 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆனது. போர் முடிந்து சில வருசத்தில் எங்கள் பக்கமும் ஆள் எடுத்தார்கள். முன்னாள் போராளிகளும் கணவனை இழந்த பெண்களும் பண்ணை வேலைக்குப் போனார்கள், நான் முன்பள்ளிக்குப் போனேன். மற்ற முன்பள்ளி ஆசிரியர்களைவிடப் பல மடங்கு சம்பளம், அதுவும் மாதம் தவறாமல். துவக்கைத் தொட்டதே இல்லை, அ, ஆ சொல்லிக் கொடுக்கிறேன், ஆனாலும் சொந்தக்காரர் சிலர் என்னோடு கதைப்பதில்லை. மூன்று பிள்ளைகள், அவர் 2009இல் இல்லாமல் போனவர். தம்பி, அந்த ஐயா திரும்ப வந்தால் முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கோ. நான் வாங்கினது கூரைக்குத் தகரம்.