எதிர்த்து நின்றவரிடம் பெரிய இலாகாவைக் கொடுக்கலாமா?

மயூர்விகார்_ஆசிரியை:

தில்லியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "அதிகாலை மூன்று மணிக்கு வெள்ளை மாளிகையில் தொலைபேசி அடித்தால் யார் எடுக்க வேண்டும் என்று விளம்பரம் போட்டு ஒபாமாவின் அனுபவத்தையே கேள்வி கேட்ட ஹிலாரி கிளிண்டனுக்கு, அவர் ஏன் வெளியுறவுத் துறையைக் கொடுத்தார்?" என்று கேட்டாள். வகுப்பு முடியும்வரை அந்தப் பேச்சே ஓடியது. என் பதிலை இங்கேயும் சொல்லி, உங்கள் கருத்தையும் கேட்க விரும்புகிறேன்.

ஒபாமா செய்தது சரி என்பதே என் நிலை. 2008 ஜனவரி முதல் ஜூன் வரை நடந்த உட்கட்சித் தேர்தலில் ஹிலாரிக்கு ஏறத்தாழ 1.8 கோடி வாக்குகள் விழுந்திருந்தன. அந்த வாக்காளர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கட்சியை நடத்த முடியாது. டிசம்பர் 1 அன்று அவர் பெயரை ஒபாமா அறிவித்தார்; ஜனவரியில் செனட் 94-க்கு 2 என்ற கணக்கில் ஏற்றது. நான்கு ஆண்டுகள் அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

நமக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் 1954-இல் இருக்கிறது. முதலமைச்சர் ராஜாஜி விலகியபின் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் வென்றார். வென்ற கையோடு எட்டே பேர் கொண்ட அமைச்சரவையில் இருவரையும் சேர்த்தார், அதிலும் சி.எஸ். அவர்களிடம் நிதியையும் கல்வியையும் சேர்த்தே ஒப்படைத்தார். எதிர்த்தவருக்குக் கஜானாச் சாவியைக் கொடுப்பதைவிடப் பெரிய நம்பிக்கை வேறென்ன இருக்க முடியும்?

ஆர்கேபுரம்_ஓய்வூதியர்:

அம்மா, காமராஜர் காலத்தை எல்லாக் காலத்துக்கும் அளவுகோலாக வைக்காதீர்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் மத்திய தலைமைச் செயலகத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன். தலைவரும் போட்டியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைக் கோப்புகளின் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

1966 ஜனவரியில் நாடாளுமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் இந்திரா காந்திக்கு 355 வாக்கும் மொரார்ஜி தேசாய்க்கு 169 வாக்கும் கிடைத்தன. அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலுக்குப் பின் மொரார்ஜி துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் உள்ளே வந்தார். இரண்டே ஆண்டுகளில் முடிவு தெரிந்துவிட்டது. 1969 ஜூலை 16 அன்று நிதித்துறை அவரிடமிருந்து எடுக்கப்பட்டது; அவர் விலகினார்; 19-ஆம் தேதி 14 வங்கிகள் நாட்டுடைமையாயின; அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. வங்கிகளை நாட்டுடைமையாக்கியது சரியா தவறா என்பது வேறு விவாதம். நாட்டின் நிதியமைச்சருக்கும் பிரதமருக்கும் அடிப்படைக் கொள்கையிலேயே ஒத்த கருத்து இல்லாமல் இரண்டு ஆண்டுகள் கழிந்தன என்பதுதான் என் கவலை.

1977-இல் ஜனதா ஆட்சியில் அதே கதை இன்னும் மோசமாக நடந்தது. மொரார்ஜி, சரண்சிங், ஜெகஜீவன்ராம் மூவருமே பிரதமர் பதவிக்குத் தகுதி தமக்கு உண்டு என்று நம்பியவர்கள். உள்துறையில் இருந்த சரண்சிங் 1978-இல் வெளியேற்றப்பட்டார், 1979 ஜனவரியில் துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் திரும்ப அழைக்கப்பட்டார், ஜூலையில் ஆட்சியே கவிழ்ந்தது. அரசியல் சாசனத்தின் 75(3) பிரிவு அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. கூட்டுப் பொறுப்பு என்பது ஒருவர் முடிவை மற்றவர் தன் முடிவாகச் சுமப்பது. அந்த நாற்காலியைத் தானே குறிவைத்திருப்பவரிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

கரோல்பாக்_வழக்கறிஞர்:

இருவருமே பதவி கொடுத்த நாளிலிருந்து கதையைத் தொடங்குகிறீர்கள். அதற்கு முந்தைய வாரங்களைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஹிலாரி செனட்டராக இருந்த காலத்தில் வெளியுறவு அமைச்சரின் சம்பளம் உயர்ந்திருந்தது. தாம் உறுப்பினராக இருந்த காலத்தில் ஊதியம் உயர்த்தப்பட்ட பதவிக்கு அந்த உறுப்பினரை நியமிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனம் தடுக்கிறது. ஆகவே அந்தச் சம்பளத்தைப் பழைய 1,86,600 டாலருக்கே குறைத்துச் சட்டம் இயற்றினார்கள். கணவர் பில் கிளிண்டனின் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொதுவில் வெளியிடப்பட்டன. பின்னால் சண்டை வரக்கூடிய இடங்களை முன்கூட்டியே தேடிப் பேசி, எழுதி முடித்தபின்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

1967-இல் அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் 283 இடங்களோடு மெலிந்து வந்திருந்தது. இன்னொரு தலைமைப் போட்டியைக் கட்சி தாங்காது என்று மூத்தவர்கள் பயந்தார்கள். ஆகவே வாக்கெடுப்பைத் தவிர்ப்பதற்காகத் துணைப் பிரதமர் பதவி பேசி முடிக்கப்பட்டது. ஓய்வூதியர் ஐயா 1966-இன் 355, 169 என்ற எண்களைச் சொன்னார். அந்தத் தேர்தலுக்குப் பிறகு மொரார்ஜி இந்திராவின் அமைச்சரவைக்கு வெளியேதான் இருந்தார். அவர் உள்ளே வந்தது எண்ணாமல் விட்ட 1967-இல். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம்; எனக்கு எல்லாமே இதில்தான் இருக்கிறது.

எண்ணி முடிந்த போட்டி வேறு, எண்ணாமல் ஒத்திப்போட்ட போட்டி வேறு. 1954-இல் எண்ணினார்கள், யார் தலைவர் என்பது காமராஜருக்கும் தெரியும், சி.எஸ். அவர்களுக்கும் தெரியும். 1977-இல் எண்ணவே இல்லை. ஜெயப்பிரகாஷ் நாராயணனும் கிருபளானியும் பேசிப் பார்த்து மொரார்ஜியைத் தேர்ந்தெடுத்தார்கள். தோற்றவர் என்று யாரும் இல்லாததால் தோல்வியை ஒப்புக்கொண்டவரும் யாரும் இல்லை.

ஆர்கேபுரம்_ஓய்வூதியர்:

வழக்கறிஞர் தம்பி அழகாக வகுத்துச் சொன்னார். ஆனால் எண்ணிவிட்டால் போதும் என்பது உண்மையானால் லிங்கனுக்கு அந்தத் தலைவலி வந்திருக்கக் கூடாது. 1860-இல் வேட்பாளரை முடிவுசெய்ய அவர் கட்சி கூட்டிய சிகாகோ மாநாட்டில் எண்ணித்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தோற்ற சீவார்டுக்கு வெளியுறவையும் சேஸுக்குக் கருவூலத்தையும் பேட்ஸுக்குத் தலைமைச் சட்ட அதிகாரி பதவியையும் கொடுத்தார். அப்படியிருந்தும் சேஸ் கருவூலத்தில் உட்கார்ந்துகொண்டே அடுத்த வேட்பாளராக ஆசைப்பட்டார்; 1864 பிப்ரவரியில் லிங்கனுக்குப் பதிலாகச் சேஸை நிறுத்த வேண்டும் என்று அவருடைய ஆதரவாளர்கள் சுற்றறிக்கையே விட்டார்கள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் அமைச்சருக்கு நாடாளுமன்றத்தில் இடம் கிடையாது. அதிபர் விலக்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் போவதால் ஆட்சி போகாது. இங்கே அமைச்சர் தம்முடன் உறுப்பினர்களையும் அழைத்துக்கொண்டு போவார். சரண்சிங் அப்படித்தான் போனார். ஆகவே ஹிலாரியின் 94-க்கு 2-ஐ நம் ஊர் நிலைமைக்கு எடுத்துவராதீர்கள்.

நான் கண்ணால் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன். பிரிவு அலுவலராக இருந்தபோது எங்கள் அமைச்சகத்துக்கு வந்த மூத்த அமைச்சர், தலைமையோடு நெடுநாள் போட்டியில் இருந்தவர். அவர் கையெழுத்துக்குப் போகும் ஒவ்வொரு முக்கியக் கோப்பையும் முதலில் மேலே காட்டிவிட்டு அனுப்புங்கள் என்று எங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எழுத்தில் எதுவும் இல்லை. மாணவர் விடுதிகளுக்கான ஒரு கோப்பு, மாநிலங்களுக்குப் பணம் விடுவிக்க வேண்டியது, நான்கு முறை மேலே போய்த் திரும்பியது. ஒவ்வொரு முறையும் ஓரத்தில் பென்சிலால் "பேசவும்" என்று ஒரே ஒரு சொல். யாரோடு பேசுவது, எதைப் பற்றிப் பேசுவது என்று இல்லை. பென்சில் எழுத்தாகையால் யார் எழுதியது என்று நாளைக்குக் கேட்கவும் முடியாது. நூல் கட்டிய அந்தக் கோப்பு என் மேசையிலேயே கிடக்க, மார்ச் 31 கடந்தது. அந்த ஆண்டின் ஒதுக்கீடு காலாவதியாயிற்று. விடுதியில் இருந்த பிள்ளைகளுக்கு இந்தப் போட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த அட்டையின் நிறம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மயூர்விகார்_ஆசிரியை:

ஐயா, விடுதிக் கோப்பைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனால் அந்தக் கோப்பு யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்று மீண்டும் யோசித்துப் பாருங்கள். போட்டியாளருக்குப் பதவி கொடுத்ததால் அது நிற்கவில்லை. பதவியைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காமல் கையில் வைத்திருந்ததால் நின்றது. அமைச்சர் கையெழுத்திட வேண்டிய கோப்பை அமைச்சருக்குக் காட்டாமல் மேலே அனுப்பச் சொன்னவர் நியமித்தவர்தானே?

சேஸ் விஷயத்தில் நீங்கள் சொன்ன சுற்றறிக்கை உண்மை. அவர் கருவூலத்தில் இருந்தபோது நடந்ததையும் சேர்த்து எண்ண வேண்டும். போருக்கான பணத்தைத் திரட்டியவர் அவர். காகிதப் பணத்தையும் 1863-இன் தேசிய வங்கிச் சட்டத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர். அவர் தமக்கு எதிராக வேலை செய்கிறார் என்று தெரிந்தும், கருவூலம் ஒழுங்காக நடக்கும்வரை லிங்கன் பொறுத்துக்கொண்டார். 1864 ஜூனில் சேஸ் கொடுத்த விலகல் கடிதத்தை ஏற்றுக்கொண்டார், அதே டிசம்பரில் அவரையே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கினார். ஒரு மனிதரின் ஆசையையும் திறமையையும் தனித்தனியாக எடை போடத் தெரிந்தவர் செய்த வேலை அது.

காமராஜரும் அப்படித்தான். 1956-இல் மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கியபோது அதற்குப் பணமும் பள்ளியும் இரண்டும் சி.எஸ். கையில் இருந்தன. எதிர்த்து நின்றவரின் கோப்புகள் மேலே போய்ப் பென்சில் குறிப்போடு திரும்பியிருந்தால் எத்தனை பள்ளிகளில் அடுப்பு எரிந்திருக்கும்?

முனிர்க்கா_மாணவர்:

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு சந்தேகம். இதுவரை வந்தவை பெரும்பாலும் ஒரே கட்சிக்குள் நடந்த போட்டிகள். வேறு கட்சியிலிருந்தே ஒருவரை எடுத்தால்? 1947-இல் நேருவின் அமைச்சரவையில் அம்பேத்கர் சட்டத்துக்கும், இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி தொழில்துறைக்கும், நீதிக்கட்சிக்காரரான நம் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் நிதிக்கும் பொறுப்பேற்றார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தவர் காங்கிரஸ்காரர் இல்லை என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. ஆனால் மூவருமே அடுத்த பொதுத்தேர்தல் வருவதற்குள் விலகிவிட்டார்கள். அப்படியானால் அது தோல்விதானா?

கரோல்பாக்_வழக்கறிஞர்:

தம்பி, விலகினார்களா என்று மட்டும் பார்க்காமல் எப்படி விலகினார்கள் என்றும் பாருங்கள். முகர்ஜி 1950-இல் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானுடன் நேரு செய்த உடன்பாட்டை ஏற்க முடியாமல் விலகினார். அம்பேத்கர் 1951-இல் இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதை முக்கியக் காரணமாகச் சொல்லி விலகினார். இருவருமே காரணத்தை நாட்டுக்குத் தெரியும்படி சொல்லிவிட்டு எதிர்வரிசைக்குப் போனார்கள். அதற்குள் அரசியல் சாசனம் எழுதி முடிந்திருந்தது. இதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன்.

இன்றைய நிலை வேறு. 2003-இல் வந்த 91-ஆவது திருத்தத்துக்குப் பின் கட்சித் தாவலுக்காகத் தகுதி இழந்தவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்படும்வரையோ பதவிக்காலம் முடியும்வரையோ அமைச்சராக முடியாது. அமைச்சர்களின் எண்ணிக்கையும் அவையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே போட்டியாளருக்கு ஒரு நாற்காலி கொடுப்பது என்றால் நம் ஆள் ஒருவருக்கு இல்லை என்று சொல்வதும் அதில் அடங்கும்.

தமிழ்நாட்டிலேயே அண்மையில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி அரசுக்கு ஆதரவாக 122, எதிராக 11. எதிர்த்து வாக்களித்த ஓ.பன்னீர்செல்வம் ஆகஸ்ட் 21 அன்று துணை முதலமைச்சராகவும் நிதியமைச்சராகவும் பதவியேற்றார். ஆட்சி 2021 வரை முழுதாக ஓடியது. சட்டமன்றத்தில் எண்ணிவிட்டார்கள், அதனால் ஆட்சி நின்றது. கட்சியின் தலைமை யாருக்கு என்பதை எண்ணாமல் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டாகப் பிரித்து வைத்தார்கள், அந்த ஏற்பாடு 2022 ஜூலையில் பன்னீர்செல்வத்தின் வெளியேற்றத்தில் முடிந்தது. ஒரே இரு மனிதர்கள், ஒரே காலம். எண்ணிய இடத்தில் ஒன்று, எண்ணாத இடத்தில் வேறொன்று.

ஆர்கேபுரம்_ஓய்வூதியர்:

இந்த உதாரணத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் நிலையை முழுதும் மாற்றிக்கொள்ள மாட்டேன். நிதி, உள்துறை இரண்டையும் போட்டியாளரிடம் கொடுப்பது இன்றும் எனக்கு உடன்பாடில்லை. நிதி எல்லா அமைச்சகத்தின் கோப்பையும் தொடும். உள்துறையிடம் எல்லோரைப் பற்றிய தகவலும் இருக்கும். வேறு எந்தப் பெரிய துறையையும் கொடுக்கட்டும்.

ஆசிரியை அம்மா கேட்ட கேள்வி இரண்டு நாளாக என்னோடு இருக்கிறது. அந்த வாய்மொழி உத்தரவு வந்தபோது, அதை எழுத்தில் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கோப்பிலேயே "இன்னாரின் வாய்மொழி அறிவுறுத்தலின்படி மேலே அனுப்பப்படுகிறது" என்று ஒரு வரி பதிவு செய்திருக்கலாம். அதற்கு அலுவலக நடைமுறையில் இடம் உண்டு, எனக்கும் அது தெரியும். பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்த ஆண்டு அது. நான் எழுதவில்லை.