ராம் கூட்ட வேண்டும், கேபினெட்டுக்குள் கைவைக்கப் பயமாக இருக்கிறது

மகிழம்பூ கேட்கிறார்:
ஆறு வருடமாக ஒரே மேசைக் கணினிதான். என் கணக்கு வேலை, மகளின் பாடம் எல்லாம் அதில்தான். பிரவுசரில் ஏழெட்டுப் பக்கங்கள் திறந்துவிட்டால் போதும், மவுஸை நகர்த்திவிட்டு அம்புக்குறிக்காகக் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. உள்ளே 4 ஜிபி ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம், ஒன்று மட்டும் இருக்கிறது. இன்னொன்று போடலாம் என்று பக்கத் தகட்டைக் கழற்றினேன். தூசியும் கம்பிகளும் பச்சைப் பலகையுமாக இருந்ததைப் பார்த்து அப்படியே மூடிவிட்டேன். கையிலிருக்கும் நிலைமின்சாரமே சில்லைக் கெடுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா? எந்த ராம் வாங்க வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும் என்று புரியும்படி யாராவது சொல்லுங்கள்.

திருகாணி எழுதுகிறார்:
சகோதரி, தாராளமாக நீங்களே செய்யலாம். கணினிக்குள் முதன்முதலாகக் கைவைப்பவருக்கு இதைவிட எளிதான வேலை கிடையாது.

முதலில் வாங்குவதைப் பற்றி. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் நினைவகத்தைச் சொடுக்குங்கள். ராமைச் செருகும் ஸ்லாட் மொத்தம் எத்தனை, எத்தனை பயன்பாட்டில் இருக்கின்றன, என்ன வேகம் என்று அங்கேயே தெரியும். பிறகு பழைய ராமின் ஸ்டிக்கரைப் படியுங்கள். பிசி3 என்றிருந்தால் டிடிஆர்3 தலைமுறை ராம், பிசி4 என்றிருந்தால் அடுத்த தலைமுறையான டிடிஆர்4. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. டிடிஆர்3க்கு அடி விளிம்பில் 240 பின்கள் (பற்கள்), டிடிஆர்4க்கு 288. டிடிஆர்5க்கும் 288தான், ஆனால் பற்களின் நடுவே வெட்டு இருக்கும் இடம் வேறு. மதர்போர்டின், அதாவது நீங்கள் பார்த்த அந்தப் பச்சைப் பலகையின், கையேட்டில் அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

நிலைமின்சாரம் உண்மைதான். கதவுப் பிடியில் 'சுருக்'கென்று நாம் உணரும் அதிர்ச்சியே ஏறத்தாழ 3000 வோல்ட். நம்மால் உணர முடியாத அளவே சில்லுக்குக் கேடு. ஆனால் தவிர்ப்பது எளிது. கம்பளத்தின் மேல் நிற்காதீர்கள். ராமைத் தொடுமுன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொடுங்கள். ராமை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படக் கூடாது.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஷட் டவுன் செய்துவிட்டோம் என்று நம்பி மின் கேபிளைப் பிடுங்காமல் கைவைப்பார்கள். கணினி அணைந்திருந்தாலும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் ஒரு ராமைச் செருகினேன். அது பிறகு உயிர்பெறவே இல்லை. அன்றிலிருந்து கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தையும் வடித்த பிறகுதான் திருகாணியையே தொடுகிறேன்.

இரவுப்பறவை எழுதுகிறார்:
திருகாணி ஐயா சொன்னதோடு ஒன்று. வேகம் வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும். 2666உடன் 3200ஐப் போட்டால் 3200க்குக் கொடுத்த காசு வீண். நான்கு ஸ்லாட் உள்ள பலகை என்றால் எந்த இரண்டில் போடுவது என்று கையேடு சொல்லும். பெரும்பாலும் புராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்.

மகிழம்பூ எழுதுகிறார்:
என்னுடையது டிடிஆர்4, 2666, இரண்டே ஸ்லாட். 8 ஜிபி வாங்கி இப்போதுதான் போட்டேன். விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பு. விட்டுவிட்டு 'பீப்' என்று கத்துகிறது. கெடுத்துவிட்டேனா?

திருகாணி எழுதுகிறார்:
பதறாதீர்கள், ராம் முழுதாக உட்காரவில்லை என்றுதான் தோன்றுகிறது. அணைத்து, கேபிளைப் பிடுங்கிவிட்டு ராமை வெளியே எடுங்கள். பற்களின் வரிசையில் ஒரு வெட்டு தெரிகிறதா? அது சரியாக நடுவில் இல்லை, சற்று ஒரு பக்கமாக இருக்கும். ஸ்லாட்டில் உள்ள மேடும் அப்படித்தான். இரண்டும் நேர்கோட்டில் வந்தால்தான் இறங்கும், வராவிட்டால் அழுத்தவே கூடாது, திருப்பிப் பிடியுங்கள். நேராக நிறுத்தி, இரு கட்டைவிரல்களாலும் இரு முனைகளையும் ஒரே சீராக அழுத்துங்கள். இதுவரை சொன்ன மென்மையெல்லாம் இந்த இடத்தில் உதவாது. பலகை லேசாக வளைகிறதே என்று மனம் பதைக்கும் அளவுக்கு அழுத்தம் வேண்டும். ஸ்லாட்டின் முனையில் உள்ள கிளிப் 'டக்'கென்று தானாக வந்து கவ்வும். சில பலகைகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருக்கும். அங்கே கிளிப் இல்லாத முனைதான் பெரும்பாலும் மேலே தூக்கி நிற்கும். பற்கள் இரு முனையிலும் ஒரே அளவு மறைந்திருக்கின்றனவா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். முதல் முறை திரை வர ஒரு நிமிடம்கூட ஆகலாம், இடையில் அணைத்துவிடாதீர்கள்.

மகிழம்பூ எழுதுகிறார்:
வந்துவிட்டது ஐயா! கிளிப் இல்லாத முனைதான் நகத்தளவு தூக்கி நின்றது. இரண்டாவது முறை அந்த 'டக்' சத்தம் கேட்டதும்தான் மூச்சே வந்தது. ஒரு சந்தேகம், 12 ஜிபியில் 11.9 மட்டும் பயன்படுத்தலாம் என்று காட்டுகிறதே?

திருகாணி எழுதுகிறார்:
மகிழ்ச்சி சகோதரி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான நினைவகத்தையும் ராமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குறைகிற அந்தத் துளி அங்கேதான் போகிறது. இன்றிரவு விண்டோஸின் நினைவகச் சோதனையை ஒருமுறை ஓடவிடுங்கள். பிழை ஏதும் வந்தால் ராமை மாற்றிக்கொள்ளலாம், அதுவரை பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.