வன்னியில் பியூகிள் பழகிய சாரணச் சிறுவர்கள்: அனுபவப் பகிர்வு

அக்கராயனிலிருந்து, ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர்

மீள்குடியேற்றத்தின் பின்னர், 2011ஆம் ஆண்டில் எங்கள் பாடசாலையில் சாரணர் துருப்பை மறுபடியும் தொடங்கினோம். வகுப்புகள் தகரக் கொட்டகைகளில் நடந்துகொண்டிருந்த காலம் அது. கயிறும் தடியும் ஊரிலேயே கிடைத்தன. கொடியைத் தையல் தெரிந்த தாயார் ஒருவர் தைத்துத் தந்தார். பாசறையில் அழைப்புகளை ஊதும் குழலான பியூகிள்தான் இல்லை. என் இளமைக் காலத்துப் பியூகிள் இடம்பெயர்வுகளின்போது எங்கேயோ தவறிவிட்டது. அதில் வாய் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸ் மட்டும், அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்திருந்த பையின் அடியில் கிடந்து, எனக்கே தெரியாமல் என்னோடு ஊர் திரும்பியிருந்தது.

அந்த மவுத்பீஸை வைத்தே பாடத்தைத் தொடங்கினேன். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மெல்லிய ஹோஸ் பைப்பில் நாலரை அடி வெட்டி, ஒரு முனையில் மவுத்பீஸைச் செருகி, மறுமுனையில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைப் பொருத்தினேன். பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் பியூகிள் என்பதும் ஏறத்தாழ அதே நீளமுள்ள, சுருட்டி வைக்கப்பட்ட, வாய்ப்பக்கம் ஒடுங்கி மறுபக்கம் விரிந்து செல்லும் ஓர் உலோகக் குழாய்தான். அதில் புல்லாங்குழலைப் போலத் துளைகள் இல்லை. ட்றம்பெட்டைப் போல அழுத்துவதற்கு வால்வுகளும் இல்லை. குழாயின் நீளத்தை மாற்ற வழியில்லாததால், அந்த நீளத்துக்கு இயல்பாக அமைந்த சுரங்கள் மட்டுமே அதிலிருந்து வெளிவரும். அவற்றில் அழைப்புகளுக்குப் பயன்படுபவை ஐந்து; அவற்றின் அதிர்வெண்கள் 2, 3, 4, 5, 6 என்ற விகிதத்தில் அமைந்தவை. அந்த ஐந்தில் எது ஒலிக்க வேண்டும் என்பதை உதடும் மூச்சுமே தீர்மானிக்கின்றன. விரலுக்கு அங்கே வேலையே கிடையாது.

இதைச் சொல்லி விளங்கவைப்பது எளிது. உதட்டுக்கு விளங்கவைப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரம் முழுவதும் ஹோஸ் பைப்பைக்கூட நான் கொடுக்கவில்லை. இரண்டு உதடுகளையும் சேர்த்து, வாயின் ஓரங்களை இறுக்கி, நடுவில் மட்டும் காற்றை விட்டு, தேனீ இரைவதைப் போன்ற ஓசையை எழுப்பச் சொன்னேன். பதினான்கு பேர் ஒரே கொட்டகையில் இரைந்தபோது, பக்கத்துக் கொட்டகையில் கணிதம் கற்பித்த ஆசிரியை வந்து என்னைப் பார்த்த பார்வையை இன்னமும் மறக்க முடியவில்லை.

அந்தப் பதினான்கு பேரில் உடல் வலிமை மிகுந்தவனுக்குத்தான் சத்தம் கடைசியாக வந்தது. அவன் கன்னங்களை உப்பிக்கொண்டு, மவுத்பீஸை உதட்டில் பல் பதியும் அளவுக்கு அழுத்தி, முழுப் பலத்தோடும் ஊதினான்; காற்றுத்தான் வந்தது. ஆறாம் வகுப்பில் இருந்த, காய்ச்சலில் எழும்பியவனைப் போன்ற மெலிந்த சிறுவன் ஒருவன் மூன்றாம் நாளே இரண்டு சுரங்களைப் பிரித்து ஊதிவிட்டான். அழுத்தினால் உதடு அதிராது, அதிராவிட்டால் சுரம் பிறக்காது என்பதைப் பெரியவனுக்குப் புரியவைப்பதற்குள் சிறுபோக அறுவடையே முடிந்துவிட்டது.

ஆறு மாதங்களுக்குப் பின்னர், கொழும்பிலிருந்த பழைய மாணவர் ஒருவர் செப்பு உடலும் பித்தளை விளிம்பும் கொண்ட பி பிளாட் சுருதியில் அமைந்த பியூகிள் ஒன்றை அனுப்பினார். அதன் பிறகு எங்களுக்கு வந்த பிரச்சினைகள் வேறு. உலோகம் மினுக்கும் பிராசோவைப் போட்டு மினுக்குவது யாருடைய முறை என்ற சண்டை ஒன்று. இனிப்புத் தேநீரைக் குடித்த வாயோடு வந்து ஊதுவது இன்னொன்று. அப்படி ஊதினால் குழாயின் உட்புறம் பிசுபிசுத்து, சில நாட்களில் எறும்பே குடிபுகுந்துவிடும். அழைப்புகளை நினைவில் வைத்திருக்கப் பொடியன்கள் தாங்களாகவே சொற்களைக் கட்டிக்கொண்டார்கள். சாப்பாட்டு அழைப்புக்கு அவர்கள் வைத்த சொற்கள் "சோறு வெந்திட்டுது, கோப்பையோட வாங்கோ" என்பன. இராணுவ அழைப்புகளுக்கு வீரர்கள் தம் மொழியில் சொற்கட்டுவது பழைய வழக்கம் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இங்கே உள்ளவர்களில் வேறு எவரேனும் பியூகிள் பழகியிருந்தால், அல்லது பழகுகிறவர்களின் சத்தத்தைச் சகித்திருந்தால், எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விசுவமடுவிலிருந்து, ஒரு தாய்

நான் சகித்த பக்கத்தைச் சேர்ந்தவள். 2012இல் என் மகன் பாடசாலைப் பியூகிளை வார இறுதியில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இராணுவ முகாம் ஒன்று இருந்தது. காலையிலும் மாலையிலும் அங்கிருந்து பியூகிள் கேட்கும். அந்தச் சத்தம் எழும் வேளைகளில் என் மாமி, கையில் இருக்கிற வேலை எதுவானாலும், அதை அப்படியே நிறுத்திவிடுவார். அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் சுளகு அசையாது. கிணற்றடியில் நின்றால் கயிறு கையிலேயே நிற்கும். பயமா, கோபமா, வேறு எதுவுமா என்று நாங்கள் கேட்டதில்லை. அவர் தாமாகச் சொன்னதுமில்லை.

அப்படிப்பட்ட வீட்டின் பின்வளவில் நின்று என் மகன் ஊதத் தொடங்கினான். முதல் நாள் மாமி அடுக்களையிலிருந்து எழுந்து வந்து படலையடியில் நின்று வீதியைப் பார்த்தார். சத்தம் வீட்டுக்குப் பின்னாலிருந்து வருகிறது என்பது அவருக்குச் சில கணங்களின் பின்னரே புரிந்தது. நான் மகனைக் கண்டித்து, இனிமேல் இது வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை, பியூகிளைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தான்.

மறுநாள் மாமியே அதை எடுத்துவரச் சொன்னார். மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு சின்னதோ" என்பது மட்டுமே அவர் சொன்னது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஊதுவதற்கு முன்னர் அவன் அடுக்களை வாசலுக்கு வந்து, "அப்பம்மா, நான்தான் ஊதப்போறன்" என்று சொல்லுவான். அவர் "ஓம் அப்பன்" என்று பதில் சொன்ன பிறகுதான் பின்வளவுக்குப் போவான். முகாமின் சத்தத்துக்கு மாமி வேலையை நிறுத்துவது பின்னரும் மாறவில்லை. ஆனால் அவனுடைய சத்தத்துக்கு சுளகு நிற்கவில்லை. அவன் சுரத்தைத் தவறவிடுகிற இடங்களில் சிரிக்கவும் செய்தார்.

முல்லைத்தீவிலிருந்து, சங்கீத ஆசிரியர்

ஆசிரியர் சொன்ன ஐந்து சுரங்களை நம்முடைய முறையில் சொல்வதானால் அவை சட்சம், பஞ்சமம், மேல் சட்சம், அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரம், மேல் பஞ்சமம் என்பனவாகும். அதாவது பெயரளவில் மூன்றே சுரங்கள்: ச, க, ப. ரிஷபமும் மத்தியமமும் தைவதமும் அந்த ஐந்தில் இல்லை. ஆகவே பியூகிளில் ஓர் இராகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அழைப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்துவது பெரும்பாலும் தாளமே. என்னிடம் வரும் சாரணச் சிறுவர்களுக்கு நான் முதலில் கையால் தட்டத்தான் கற்பிக்கிறேன். தட்டத் தெரியாதவன் ஊதினால் எழுப்புகிற அழைப்பும் தூங்கச் செல்லும் அழைப்பும் ஒன்றாகவே கேட்கும்.

இன்னொன்று. நாதஸ்வரத்தில் அதிர்வது அதன் ஊதுமுனையில் செருகும் சீவாளி; பியூகிளில் வாசிப்பவரின் உதடே சீவாளியாகிறது. எனவே நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பியூகிள் இலகுவாக வரும் என்று எண்ணுவது பிழை. சங்கும் கொம்பும் எக்காளமுமே அதன் உறவினர்கள்.

மல்லாவியிலிருந்து, முன்னாள் சாரணன்

சங்கு என்ற சொல்லைப் பார்த்ததனால் இதை எழுதுகிறேன்.

2013இல் எனக்குப் 12 வயது. எங்கள் துருப்பில் பியூகிள் பழக எட்டுப் பேர் தெரிவானோம். ஏழு பேருக்கும் காற்றுச் சீறியது. எட்டாமவன் மவுத்பீஸை வாயில் வைத்த மாத்திரத்தில் மைதானத்தின் மறுகரை வரை கேட்கும்படி ஒரு சுரம் எழுந்தது. எங்கே பழகினாய் என்று சேர் கேட்டபோது, "சும்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு கிழமைகளின் பின்னர் எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு. அங்கே அவனுடைய அப்பப்பா சங்கு ஊதினார்; அவருக்குப் பக்கத்தில் இவன் சேமக்கலம் தட்டிக்கொண்டு நடந்தான். எங்கள் அணியில் நான்கு பேர் அதைப் பார்த்தோம்.

அடுத்த பயிற்சியில் நடந்ததை இந்தப் பக்கத்து ஊர்களில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவன் ஊதிவிட்டுக் கொடுத்த மவுத்பீஸை ஒருவன் வாங்க மறுத்தான். இன்னொருவன் வயிற்றுவலி என்றான். நான் வாங்கினேன், ஆனால் காற்சட்டையில் இருமுறை துடைத்த பிறகே வாயில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான்.

சேர் எவரையும் கண்டிக்கவில்லை. மறுநாள் முதல் இரண்டு நடைமுறைகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொருவரின் முறை முடிந்ததும் மவுத்பீஸ் உப்புக் கலந்த சுடுநீரில் கழுவப்படும். அது எல்லோருக்கும் பொது. இரண்டாவது, ஒவ்வொரு நாளும் பியூகிளை முதலில் ஊதுபவன் அவனாகவே இருப்பான். குளிர்ந்த குழாயில் சுருதி தாழ்ந்து நிற்கும், உள்ளே இருக்கும் காற்று சூடேறிய பின்னரே சரியான இடத்துக்கு வரும், அதைத் திருத்தமாகச் செய்யத் தெரிந்தவன் துருப்பில் அவன் ஒருவனே என்பது சேர் சொன்ன காரணம். காரணம் உண்மையானதுதான். ஆனால் அதன்படி பியூகிளைத் தொட விரும்பிய ஒவ்வொருவனும் அவனுக்குப் பின்னர்தான் ஊத வேண்டியிருந்தது. வயிற்றுவலிக்காரன் மூன்று நாட்கள் வரவில்லை. நான்காம் நாள் வந்தான்.

அதே கிழமையில் சேர் எங்களுக்குச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் கதையைச் சொன்னார். 1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிரவுன்சீ தீவில் நடந்த முதலாவது பாசறையில் சிறுவர்களை எழுப்பியது பியூகிள் அல்ல. ஆப்பிரிக்காவில் நடந்த மட்டபெலே போரிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த கூடூ மானின் முறுக்குக் கொம்பு. 1929இல் ஆரோ பார்க்கில் நடந்த சாரணர்களின் உலகப் பெருங்கூடலான ஜம்போரியைத் தொடங்கி வைத்தபோதும் அதே கொம்பையே ஊதினார். துளையில்லாத ஒரு கொம்பை உதட்டால் ஊதுவதும் சங்கை ஊதுவதும் ஒரே வித்தை என்று சேர் சொல்லி முடித்தபோது, அவன் முதல்முறையாகத் தானாக வாய் திறந்து, சங்கில் மூச்சைப் பிடிப்பது இன்னும் கடினம் என்றான். அப்பப்பாவிடம் கற்றேன் என்றும் சொன்னான்.

அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். நான் துடைத்ததைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

வவுனியாவிலிருந்து, முன்னாள் அணித் தலைவர்

என்னுடையது சிறிய அனுபவம். பாசறையின் முதல் விடியலில் எழுப்பும் அழைப்பை ஊதும் பொறுப்பு எனக்கு. மார்கழிப் பனி. இரவு முழுவதும் பியூகிளைக் கூடாரத்துக்கு வெளியே கொடிக்கம்பத்தில் தொங்கவிட்டிருந்தேன். அழகாக இருக்கும் என்று நினைத்தேன். காலையில் எடுத்து ஊதியபோது, மல்லாவி நண்பர் சொன்ன குளிரும் என்னுடைய காய்ந்த உதடும் சேர்ந்து, மேல் பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்தில் கன்றுக்குட்டி கத்துவதைப் போன்ற ஒன்று வந்தது. அதற்கு முதலில் பதில் சொன்னவை காட்டோரத்து மயில்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் சிரித்துக்கொண்டே எழும்பினார்கள். அழைப்பின் நோக்கம் நிறைவேறியது என்று பாசறைத் தலைவர் குறிப்பேட்டில் எழுதினார்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. என் மகன் இப்போது பழகுகிறான். அவனுடைய பியூகிளில் மவுத்பீஸ் இறுகிக் கழற்ற முடியாமல் நிற்கிறது. குறட்டால் திருகலாமா?

அக்கராயனிலிருந்து, மீண்டும்

குறட்டை எடுக்காதீர்கள், மவுத்பீஸ் வராது, குழாய்தான் முறுகும். பெரும்பாலும் இது பொடியன்கள் மவுத்பீஸின் மேல் உள்ளங்கையால் தட்டி ஓசை எழுப்பி விளையாடுவதால் வருவது. மகனைக் கேட்டுப் பாருங்கள். மவுத்பீஸ் உள்ளே செருகியிருப்பதால், வெளியே உள்ள குழாய் சற்று விரிந்தால் போதும். அந்த இடத்தைச் சுடுநீரில் நனைத்த துணியால் சுற்றிச் சில நிமிடங்கள் வையுங்கள். மவுத்பீஸின் மேல் ஐஸ் கட்டியைப் பிடியுங்கள். பின்னர் மரக்கரண்டியின் காம்பினால் பொருத்தைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே, வளைக்காமல் நேராகத் திருகி இழுங்கள். ஒருமுறையில் வராவிட்டால் மறுநாளும் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பியூகிளைப் பேருந்தில் கொடுத்தனுப்புங்கள். என்னிடம் பழைய மவுத்பீஸ் இன்னமும் இருக்கிறது. வேலை முடியும் வரை உங்கள் மகன் அதை ஹோஸ் பைப்பில் போட்டு ஊதலாம்.